மேஜரின் வாலும் என் வீட்டுக் கதவும்

புதுக்கோட்டை சமஸ்தானம் போய், நாங்கள் திருச்சி ஜில்லாக்காரர்கள் ஆன மறு வருஷம், 1949 சித்திரையில் நடந்தது இது. குளத்தூர் தாலுகாவில் ஒரு சின்ன ஊரில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் அங்கே மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டர். எனக்கு இருபத்திரண்டு வயது. பிறந்தது ஆவூர்ப் பக்கம். எங்கள் குடும்பத்துப் பெண்களுக்குக் கோபம் சீதனமாகவே வரும். அதில் என் பங்கு கொஞ்சம் அதிகம்.

ஒரு நாள் மத்தியானம் வாசலில் ஜட்கா வந்து நின்றது. என் வீட்டுக்காரர் ஒரு சாக்கு மூட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இறங்கினார். மூட்டைக்குள்ளிருந்து ஒரு முகம் எட்டிப் பார்த்தது. மூக்கு உள்ளே போய், கன்னம் இரண்டும் தொங்கி, எச்சில் ஒழுகிக்கொண்டு இருந்தது. எதிர்வீட்டுக்காரி ஓடி வந்து பார்த்து, "ஏங்க, இது நாயா பன்னியா?" என்று கேட்டாள்.

அது புல்டாக் நாய். பெயர் மேஜர். சமஸ்தானத்தில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் ஊருக்கு வெளியே பங்களாவில் இருந்தார். சீமைக்குக் கப்பலேறிய ஒரு வெள்ளைக்காரர் அவரிடம் விட்டுப்போன நாய் இது. அதற்கு அன்று காலையில்தான் வாலை எடுத்திருந்தார்கள்.

"ரெண்டே வாரந்தான். ஆஸ்பத்திரியில மாடு கட்டத்தான் எடம் இருக்கு. பங்களாவுல நாத்தம் தாங்கலையாம், வேண்டாங்கிறாங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

"நமக்கு மட்டும் மூக்கு இல்லையாங்க?" என்றேன்.

அவர் பசு மாதிரி மனுஷர். அவரோடு சண்டை போடுவது சுவரோடு சண்டை போடுகிற மாதிரிதான். மேஜரைப் பின்கட்டு அறையில் இறக்கிவிட்டு, அதற்கு ஒரு சலாம் வைத்துவிட்டு, மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். வெக்கை நோய்க்கு மாடுகளுக்கு ஊசி போட ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த காலம் அது. காலையில் சைக்கிளை எடுத்தால் பொழுது சாயத்தான் வீடு திரும்புவார். ஆக நாயை யார் பார்ப்பது என்பதைக் கேட்காமலே தெரிந்துகொண்டேன். எள்ளும் கொள்ளும் வெடித்தது என் முகத்தில்.

சாயங்காலம் டாக்டர் வந்து காயத்தைக் காட்டி விளக்கினார். இந்த ஜாதி நாய்க்கு வால் நீளமாக வளராதாம். திருகு போலச் சுருண்டு உள்ளே போகும். இதற்கு அது சதைக்குள்ளேயே அழுந்தி, அடியில் சீழ் கட்டி, எலும்புவரை அழுகியிருந்தது. முழுசாக எடுக்க வேண்டியதாகிவிட்டது. "மூச்சுதான் இதுக்குப் பலவீனம். அதனால மயக்கம் குடுக்காம மரத்துப்போற ஊசியைப் போட்டே அறுத்தேன்" என்றார். நான் தலையை ஆட்டினேன். அந்த வார்த்தையை ஊர்க்கதை கேட்கிற மாதிரிக் கேட்டுக்கொண்டேன். அதைப் பிறகு சொல்கிறேன். போகும்போது இன்னொன்றும் சொன்னார். "இதைச் சந்தோஷப்பட விடாதீங்கம்மா."

நான் விழித்தேன். வால் இல்லாவிட்டாலும் ஆட்டுகிற ஆசை போகாது, இடுப்போடு சேர்த்து ஆட்டும், ஆட்டினால் தையல் பிரியும் என்று அவர் விளக்கினார். கொஞ்சக்கூடாது, பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது, சிரித்த முகத்தோடு பக்கத்தில் போகக்கூடாது. "அதுக்கு இவ சரியான ஆளுங்க" என்றார் என் வீட்டுக்காரர். அவரை ஒரு பார்வை பார்த்தேன். ஆனால் உண்மைதான். ஊரிலேயே அந்த வேலைக்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடைத்திருக்க மாட்டாள்.

தினமும் மூன்று வேளை வெந்நீரில் பர்மாங்கனேட் கரைத்துக் காயத்தைக் கழுவ வேண்டும். துடைத்துப் பவுடர் தூவ வேண்டும். அது மலம் கழித்தால் உடனே ஓடிப்போய்க் கழுவ வேண்டும். உட்கார்ந்தால் தையல் உரசும் என்று ஆற்று மணலைச் சலித்துப் பரப்பி, அதன்மேல் என் பழைய புடவையை நாலாய் மடித்துப் போட்டேன். அதன்மேல் மேஜர் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு விடும் குறட்டை தெருவரை கேட்கும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் செய்தேன். கழுவும்போது அது ஒரு சத்தம் போடாது. தலையை மட்டும் என் முழங்காலில் வைத்துக்கொள்ளும், புடவையெல்லாம் எச்சிலாகும். திட்டிக்கொண்டே கழுவுவேன். என் திட்டையும் அது கொஞ்சலாக எடுத்துக்கொண்டு இடுப்பை அசைக்கப் பார்க்கும். "ஆட்டாதே!" என்று ஒரு அதட்டல் போடுவேன்.

மூன்றாம் நாள் அது சாப்பிட மறுத்தது. பழகிய தட்டு இருந்தால் சாப்பிடுமோ என்று பங்களாவுக்குப் போனேன். பங்களாக்காரப் பெரியவர் திருச்சியில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். சமையற்காரர்தான் இருந்தார். தட்டை எடுத்துவர அவர் உள்ளே போன நேரத்தில் வராந்தாவைப் பார்த்தேன். வெள்ளையடித்த சுவரில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பழுப்பாக ஒரு கறை ஓடியது. சில இடத்தில் அதன்மேல் புதிதாகச் சுண்ணாம்பு பூசி, சுண்ணாம்புக்கு மேலும் கறை ஏறியிருந்தது.

என்னவென்று கேட்டேன். சமையற்காரர் சிரித்தார். "அந்த நாய் பண்ற வேலைங்க. ஆறு மாசமா இதே சேட்டை. பின்பக்கத்தைச் செவத்துல வச்சுத் தேய்ச்சுக்கிட்டே போகும். ஐயாவும் பெரம்பால வெளுத்துத்தான் பாக்குறாரு, கேக்குதா?"

பிரம்பு அங்கேயேதான் இருந்தது, குடை வைக்கிற இடத்தில்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. தடித்த கழுத்து, குட்டை உடம்பு. அந்த நாயால் திரும்பித் தன் வாலை நக்கிக்கொள்ள முடியாது. கடிக்க முடியாது, சொறிய முடியாது. உள்ளே எலும்பு அழுகுகிறது. அதற்கு இருந்த ஒரே கை அந்தச் சுவர்தான். ஆறு மாதம் அது சுவரிடம் போய் அழுதிருக்கிறது, ஆறு மாதமும் அந்த மனுஷர் சுவருக்காக அதை அடித்திருக்கிறார். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, குனிந்து அதன் பின்னால் பார்த்திருக்கலாம். பிரம்பை எடுக்கக் குனிய முடிந்ததே!

தட்டை வாங்கிக்கொண்டு வீடுவரை தனியாகப் பேசிக்கொண்டே வந்தேன். அன்று முதல் பெரியவருக்காக வார்த்தைகளைச் சேர்க்கத் தொடங்கினேன். வரட்டும், நாயை அழைக்க வரத்தானே வேண்டும்? மாவு ஆட்டும்போது ஒரு வார்த்தை கிடைக்கும், தண்ணீர் இறைக்கும்போது அதைவிடச் சூடாக இன்னொன்று கிடைக்கும். என் வீட்டுக்காரர் பயந்துபோனார். "பெரிய எடம். மேல ஒரு கடுதாசி எழுதினா நம்ம கதி என்னாகும்?" என்றார். "எழுதட்டும்" என்றேன்.

ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காயம் நன்றாக வற்றிக்கொண்டிருந்தது. ஆனால் வெயில் ஏற ஏற ஈ அதிகமானது. ஒரு ஈ உட்கார்ந்து புழு வைத்துவிட்டால் எல்லாம் வீண். என் வீட்டுக்காரர் விடியலிலேயே ஊசி போடப் போய்விட்டார். நான் மாதா கோவில் பூசைக்குப் போக வேண்டும். திரும்பிவர ஒன்றரை மணி நேரமாவது ஆகும். அதுவரை ஈயை யார் விரட்டுவது?

என் பிறந்த வீட்டில் மாட்டுக்கு ஈ, கொசு என்றால் மூட்டம் போடுவார்கள். சட்டியில் தணலைக் கொட்டி, அதன்மேல் பச்சை வேப்பிலையும் நொச்சியும் போட்டால் புகை சுருண்டு எழும், ஒரு பூச்சி அண்டாது. பிறந்ததிலிருந்து பார்த்த வைத்தியம். அதையே செய்தேன். சட்டியைப் பின்கட்டு மூலையில் வைத்தேன். புகை வெளியே போய்விடக்கூடாதே என்று ஜன்னலைச் சாத்தினேன். மேஜர் வெளியே வந்துவிடக்கூடாதே என்று கதவை இழுத்துக் கொண்டியை மாட்டினேன். நல்ல காரியம் செய்த திருப்தியோடு முக்காட்டைப் போட்டுக்கொண்டு கோவிலுக்குப் போனேன்.

அன்று சாமியார் என்ன பிரசங்கம் செய்தார் என்று எனக்குத் தெரியாது. நான் முழங்காலில் நின்றபடி பெரியவரை வறுத்துக்கொண்டிருந்தேன். "கண்ணு இருந்தும் பாக்காதவர் நீங்க" என்று ஒன்று தோன்றியது. நன்றாக இருக்கிறதே என்று அதை மனதில் முடிந்து வைத்துக்கொண்டேன். அந்த நேரத்தில் என் வீட்டில் நடந்துகொண்டிருந்தது வேறு.

வீட்டுக்கு வந்து கொண்டியை நீக்கிக் கதவைத் தள்ளினேன். திறக்கவில்லை. உள்ளே ஏதோ கனமாக அடைத்துக்கொண்டிருந்தது. பலமாகத் தள்ளினேன். புகை முகத்தில் அடித்தது. மேஜர் கதவோடு கிடந்தது. கதவுக்கும் தரைக்கும் நடுவில் விரல்கடை இடைவெளி இருக்கும், அதில் மூக்கை அழுத்தி வைத்திருந்தது. நாக்கு நாவல்பழ நிறத்தில் வெளியே தொங்கியது.

"அந்தோணியாரே!" என்று கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கும். இரண்டு முன்னங்காலையும் பிடித்துக் கிணற்றடிக்கு இழுத்தேன். எங்கிருந்து அந்தப் பலம் வந்ததோ தெரியாது. வாளி வாளியாகத் தண்ணீரைக் கொட்டினேன். எதிர்வீட்டுக்காரி முறத்தை எடுத்துவந்து விசிறினாள். வாயிலிருந்த நுரையை விரல் விட்டு வழித்தேன். 'மூச்சுதான் இதுக்குப் பலவீனம்' என்று டாக்டர் சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது, ஒன்பது நாள் கழித்து.

எவ்வளவு நேரம் ஆனதோ. ஒரு செருமல் வந்தது. பிறகு ஒரு மூச்சு, கரகரவென்று. பிறகு இன்னொன்று. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. பார்த்தவுடன் அது செய்த முதல் வேலை, இடுப்பை ஆட்டியதுதான். எழுந்திருக்கக்கூடத் தெம்பில்லை, படுத்தபடியே ஆட்டியது. நான் வந்துவிட்டேன் என்று அதற்கு அத்தனை சந்தோஷம். "ஆட்டாதே! சனியனே, ஆட்டாதே!" என்று அழுதுகொண்டே இடுப்பை அழுத்திப் பிடித்தேன். அதற்குள் இரண்டு தையல் பிரிந்து ரத்தம் வந்துவிட்டது. என்னைக் கடித்துக் குதறியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பிறகுதான் கதவைப் பார்த்தேன். உள்பக்கம், அடியில், ஒரு முழ உயரத்துக்கு மரம் சீவினாற்போல நகக் கீறல்கள் இருந்தன.

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். "திட்டித் தொலைங்களேன்!" என்று கத்தினேன். அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் டாக்டரை அழைத்துவந்து திரும்பத் தைக்க வைத்தார். மூன்று நாள் மேஜர் எதுவும் சாப்பிடாமல், இருமிக்கொண்டே கிடந்தது. நாலாம் நாள் கஞ்சி குடித்தது. பிழைத்துக்கொண்டது. ஆனால் தழும்பு கோணலாகிவிட்டது.

அடுத்த வாரம் பெரியவர் வந்தார். நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். மேஜரைக் கொண்டுவந்ததும் அதன் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். இப்போது பார்க்கத் தெரிந்தது அவருக்கு. "என்னப்பா கம்பவுண்டர், தையல் இவ்வளவு கோணலா இருக்கு? ஒங்க டாக்டர் கண்ணை மூடிக்கிட்டா தைச்சாரு?" என்றார்.

என் வீட்டுக்காரர் கையைப் பிசைந்தார். ஆண்கள் பேசுகிற இடத்துக்கு நான் வந்து நிற்பதில்லை. அன்று வந்து நின்றேன்.

"டாக்டர் நல்லாத்தாங்க தைச்சாரு. பிரிச்சது நான்." மூட்டம் போட்டதையும், கதவைச் சாத்தியதையும், பூசைக்குப் போனதையும் சொன்னேன்.

அவர் முகம் சிவந்துவிட்டது. "அறிவில்லையாம்மா ஒனக்கு?"

"இல்லைங்க" என்றேன். "ஒங்களுக்கும் இல்லைங்க. ஆறு மாசம் அழுகின வாலோட அதை அடிச்சிருக்கீங்க."

"இந்தா, உள்ள போ" என்றார் வீட்டுக்காரர். நான் போகவில்லை. பெரியவர் எழுந்துவிட்டார். ஆனால் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "வாயில்லாத ஜீவன். வலிக்குதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

இரண்டு வாரமாக நான் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட வரவில்லை. வந்தது வேறு.

"சொல்லுச்சுங்க. ஆறு மாசமா ஒங்க செவத்துல சொல்லுச்சு, நீங்க வெள்ளையடிச்சீங்க. என் கதவுலயும் சொல்லுச்சு, நான் கோயில்ல இருந்தேன்."

அவர் மேஜரின் சங்கிலியைப் பிடித்தார். அது அவரைப் பார்த்தது. பார்த்ததும் இடுப்பை ஆட்டியது. எனக்கு ஆட்டியதைவிட ஒரு மாற்றுக்கூடக் குறையவில்லை. அன்று எனக்கு வந்த கோபங்களிலேயே பெரியது அதுதான். அடித்தவரையும் கொல்லப் பார்த்தவளையும் ஒரே மாதிரி மன்னித்துவிட்டு, ஜட்காவில் ஏறி, நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு போய்விட்டது. பங்களாவில் அந்தப் பிரம்பு பிறகு என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது.

ஆவணியில் எங்களைப் பொன்னமராவதிப் பக்கம் மாற்றினார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்றும் தெரியாது. அதுவரை அந்தக் கதவுக்குச் சாயம் அடிக்கலாம் என்று வீட்டுக்காரர் எத்தனையோ தடவை சொன்னார். நான் விடவில்லை. காலி செய்கிற அன்று கதவை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டுத்தான் வண்டி ஏறினேன்.

இன்றைக்கும், அடம் பிடிக்கிறது என்று சொல்லி யாராவது ஒரு பிள்ளையையோ மாட்டையோ அடிக்கக் கை ஓங்கினால், எங்கே வலிக்கிறது என்று முதலில் பார்த்தாயா என்று கேட்டுச் சண்டைக்குப் போய்விடுகிறேன். அந்தச் சண்டையில் பாதி, நல்லது செய்கிற நினைப்பில் கொண்டியை மாட்டிவிட்டு முக்காடு போட்டுக்கொண்டு போனாளே, அவளோடுதான்.