செருப்பு நழுவுதா என்று கேட்கிறவன்

எங்கள் கட்டடத்து மாடியில் நரம்பு வைத்தியம் பார்க்கிற டாக்டரம்மா இருக்கிறார். அவரைப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் ஒரு ஆளைத் தாண்ட வேண்டும். நீள வராந்தாவின் கடைசியில், ஒரு கால் ஆடுகிற மேசைக்குப் பின்னால் அவன் உட்கார்ந்திருப்பான். கையில் அட்டை. அட்டையில் பதினான்கு கேள்விகள். பத்தொன்பது வருஷமாக அதே பதினான்கு. கட்டடத்தில் எல்லோருக்கும் அவன் பெயர் கேள்வி. பதிலுக்கு அவன் எனக்கு ஆணி என்று பெயர் வைத்தான்.

நான் மாடிப்படிக்கு அடியில் செருப்பு, பை, குடை தைக்கிறவன். எழுந்து நின்றால் தலை இடிக்கும். படியில் யார் ஏறினாலும் இறங்கினாலும் என் மண்டைக்கு மேல்தான்.

அவன் கேட்கிற கேள்விகள் எனக்கும் மனப்பாடம். மரத்துப்போறது எப்போதிலிருந்து? ஊசி குத்துகிற மாதிரியா, எறும்பு ஊர்கிற மாதிரியா? சட்டைப் பொத்தான் போட முடிகிறதா? கண்ணை மூடி முகம் கழுவும்போது தள்ளாடுகிறதா? ஏழாவது கேள்விக்கு வந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்து உட்காருவார்கள். நடக்கும்போது செருப்பு உங்களுக்குத் தெரியாமலேயே காலை விட்டு நழுவிப் போகிறதா?

“ஆமா சார். திரும்பிப் பாத்தா பத்தடி பின்னால கெடக்கும். உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“எனக்குத் தெரியாதுங்க. அட்டைக்குத் தெரியும்.”

அவர்களும் அவனைக் கேட்பார்கள். இது நரம்புத் தளர்ச்சியா சார்? “அது எல்லாத்துக்கும் பொதுவா ஊர் வெச்ச பேரு. உங்களுக்கு எதுன்னு அம்மா பாத்துச் சொல்லுவாங்க.” பக்கத்தில் படுத்தால் ஒட்டிக்கொள்ளுமா? “உங்க வீட்டுக்காரர் குறட்டை ஒட்டிக்கிச்சா? இதுவும் ஒட்டாது.” கை மரத்தால் பக்கவாதமா? “திடீர்னு ஒரு பக்கம் விழுந்து, வாய் கோணி, பேச்சுக் குழறினா இங்க வந்து வரிசையில உக்காரக் கூடாது. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடணும். நீங்க மூணு வருஷமா மரத்துப்போய், பொறுமையா பஸ் ஏறி வந்திருக்கீங்க.”

கடைசியாக ஒரு கேள்வி வரும். குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். நான் ஏதாவது பாவம் செஞ்சிருப்பேனா சார்? அதற்கு மட்டும் அவன் பேனாவை மூடி வைத்துவிட்டுப் பதில் சொல்வான்.

“பாவம் இல்லீங்க. நரம்பு.”

எனக்குப் படிப்பு ஆறாவதோடு சரி. ஆனால் அடிப்பாகத்தைப் பார்த்தால் ஆளைச் சொல்லிவிடுவேன். குதிகால் வெளிப்பக்கம் தேய்ந்திருந்தால் சாதாரண ஆள். ஒரு செருப்பு மட்டும் தேய்ந்தால் இடுப்பிலோ முழங்காலிலோ வலி. முனை தேய்ந்தால் அந்த ஆளுக்குப் பாதம் முன்பக்கம் தொங்குகிறது, தூக்குகிறதாக நினைத்துக்கொண்டு தரையில் உரசுகிறார் என்று அர்த்தம். மாடிக்குப் போகிறவர்களில் பாதிப்பேர் அப்படித்தான்.

கேள்வி செருப்பே போடமாட்டான். வெயில் கொளுத்தினாலும் கயிறு கட்டின ஷூதான். “என் வயித்துல அடிக்கிறியேய்யா” என்று சொல்லியிருக்கிறேன். கால் சில்லிட்டுப் போகும் என்பான்.

போன மழைக்காலத்தில் ஒருநாள் மத்தியானம் அவன் கீழே இறங்கி வந்தான். முகத்தில் ரத்தம் இல்லை. என் முக்காலியில் உட்கார்ந்தான்.

“ஆணி, வராந்தாவுல யாரோ எனக்குப் பின்னாலயே வர்றாங்கய்யா.”

“பேஷண்டா இருக்கும்.”

“திரும்பினா யாரும் இல்ல.”

“உன் பொண்டாட்டி ஆள் வெச்சிருப்பா.”

அவன் சிரிக்கவில்லை. “எங்கப்பா வர்றார். எனக்கு அந்தச் சத்தம் தெரியும். டக், சப். டக், சப்.”

அவன் அப்பா வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்து எழுதுகிறவர். வலது பாதம் தூக்காது. முழங்காலை உயர்த்தி உயர்த்தி, கண்ணுக்குத் தெரியாத வாசற்படியைத் தாண்டுகிற மாதிரி நடப்பார். பாதம் வந்து தரையில் சப்பென்று அறையும். தெருமுனையில் அவர் திரும்பும்போதே வீட்டுக்குள் தெரிந்துவிடும். அம்மா அடுப்பைப் பற்ற வைப்பாள், இவன் பாடப்புத்தகத்தை எடுப்பான். என்ன நோய் என்று யாரும் பார்த்ததில்லை. நடை அப்படி, அவ்வளவுதான். சாகிறவரைக்கும் அப்படியே நடந்து, வேறு ஏதோ காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார்.

இவனுக்குப் பத்து வயது இருக்கும்போது, தெருப் பையன்கள் பார்க்க, அப்பாவுக்குப் பின்னால் அவரைப் போலவே நடந்து காட்டியிருக்கிறான். டக், சப். பையன்கள் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். அப்பா திரும்பிப் பார்த்திருக்கிறார். அடிக்கவில்லை. வையவில்லை.

“என்ன சொன்னார்?”

“‘அப்படி நடந்து பழகாதடா’ன்னார்.”

மழை பெய்துகொண்டே இருந்தது. நான் ஒரு குடைக்கம்பியை நிமிர்த்திக்கொண்டிருந்தேன், வேறு என்ன செய்ய.

“அப்போ நான் அவருக்குப் பின்னால போனேன். இப்போ அவர் எனக்குப் பின்னால வர்றார்” என்றான்.

அந்த வாரமே ஷூவின் தையல் விட்டதென்று கொண்டுவந்து கொடுத்தான். கையில் வாங்கித் திருப்பினேன். வலது முனை தேய்ந்து, மேல்தோல் வரைக்கும் உரசியிருந்தது. எனக்கு உடனே புரிந்துபோயிற்று. அவனுக்குப் பின்னால் யாரும் வரவில்லை. அவன் காலடியைத்தான் அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

சொல்லியிருக்க வேண்டும். தினம் முப்பது பேருடைய நரம்பைக் கேள்வி கேட்கிறவனிடம் போய், உனக்குத்தான்யா நோய் என்று எப்படிச் சொல்வது? நான் ஒரு காரியம் செய்தேன். சைக்கிள் ட்யூபில் மெல்லிய துண்டு வெட்டி, பசை தடவி, முனையிலிருந்து நடுப்பாதம் வரைக்கும் ஒட்டினேன். உளி வைத்து ஓரம் சீவினேன். பார்த்தால் தெரியாது.

இரண்டாம் நாள் அவன் சீட்டியடித்துக்கொண்டு இறங்கி வந்தான்.

“போயிட்டாருய்யா.”

“யாரு?”

“அப்பா. வராந்தா அமைதியா இருக்கு.”

“நல்லதாப் போச்சு” என்றேன். என் கைக்காரியத்தை நினைத்து எனக்கே ஒரு பெருமை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

இரண்டு மாதம் அந்த மனிதனுக்கு நல்ல காலம். பிறகு ஒருநாள் காலையில் என் தலைக்கு மேலே ஒரு மூட்டை விழுகிற சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் கேள்வி நடுப்படியில் மல்லாந்து கிடந்தான். மேலிருந்து மூன்றாவது படியில் கால் மாட்டியிருக்கிறது. தோல் முனையாக இருந்தால் வழுக்கிக்கொண்டு போயிருக்கும். ரப்பர் கவ்விப் பிடித்துவிட்டது. அதோடு, அந்தச் சத்தம் கேட்டபோதெல்லாம் பயந்து காலைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவன், சத்தம் போனதும் மெத்தனமாகிவிட்டான். இரண்டும் நான் செய்தது.

கணுக்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. என் கடைக்குள் தூக்கி வந்து உட்கார வைத்து ஷூவைக் கழற்றினேன். அடிப்பாகத்தைத் திருப்பி அவனுக்குக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னேன்.

அந்த ரப்பரை விரலால் தடவிப் பார்த்தான்.

“எத்தனை நாளாத் தெரியும்?”

“மழைக்காலத்துல இருந்து.”

“ஒரு வார்த்தை சொல்லத் தோணலையா உனக்கு?”

“உனக்குத் தோணலையா? பதினாலு கேள்வி வெச்சிருக்கியே.”

காலுறையைக் கழற்றினான். அவன் வெறுங்காலை அன்றைக்குத்தான் பார்த்தேன். நடுப்பாதம் வில் மாதிரி வளைந்து தூக்கியிருந்தது. விரல்கள் எல்லாம் மடங்கி, தரையைப் பறண்டுகிற மாதிரி இருந்தன.

“அப்பா கால்” என்றான்.

ஒரு வாரம் அவனைக் காணோம். வந்தபோது காலில் கட்டு, கையில் ஒரு துணிப்பை. பைக்குள் ஒரு ஜோடி பெண்பிள்ளை ஷூ. மாவு படிந்திருந்தது. அவன் மகள் பேக்கரியில் தட்டு சுமந்து அடுக்குகிற வேலை பார்க்கிறாள். இருபது வயது.

“என்ன, தையல் விட்டுருச்சா?”

“தைக்க வேணாம். பாத்துச் சொல்லு.”

எனக்கு அந்த ஷூவைத் தொடவே பிடிக்கவில்லை. அவன் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு தடவை ரப்பர் ஒட்டியாயிற்று, இனி ஒட்ட முடியாது. திருப்பினேன். குதிகால் புதுசு மாதிரி இருந்தது.

“முனை தேயுது. ரெண்டு காலும்.”

அவன் தலையை ஆட்டினான். பிறகு சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

“நான் நடந்து காட்டினேன், எனக்கு வந்துச்சு. ஒத்துக்கறேன். அவ யாரை மாதிரி நடந்து காட்டினா, ஆணி?”

தினம் முப்பது பேருக்கு, பாவம் இல்லீங்க, நரம்பு என்று சொல்கிற வாய் அது. அத்தனை வருஷமும் தனக்கு மட்டும் அதை அவன் நம்பவில்லை.

மறுநாள் மத்தியானம், வரிசை கலைந்த பிறகு மகளை வரச்சொல்லியிருந்தான். தனியாக மாடி ஏற முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டான். அந்தப் பெண் எங்களுக்கு முன்னால் ஏறினாள், கைப்பிடியை விடாமல். வராந்தாவில் அவள் நடந்த சத்தத்தை நான் கவனித்தேன். அந்தச் ‘சப்’ மெதுவாகத்தான் இருந்தது. ஆனால் இருந்தது.

மேசைக்கு அந்தப் பக்கம் அவன் உட்கார்ந்தான். இந்தப் பக்கம் அவள்.

“என்னப்பா இது, பேஷண்ட் மாதிரி?”

“கேக்கறதுக்குப் பதில் சொல்லும்மா. மரத்துப்போகுதா?”

“பாதம் மட்டும். ராவெல்லாம் இருக்கும்.”

“எப்போதிலிருந்து?”

“பள்ளிக்கூடம் முடிச்சதுல இருந்து.”

பேனா நின்றது. மறுபடி ஓடியது. தடுக்குகிறதா? போன மாதம் பன் தட்டோடு விழுந்தாளாம், முதலாளி தரை ஈரம் என்று நினைத்துக்கொண்டாராம். ஏழாவது கேள்வி வந்தது. அதைக் கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. அவள் அட்டையை எட்டிப் பார்த்து, தானே படித்து, “நழுவும்” என்றாள். “அதான் ஷூவுக்கு மாறினேன்.”

பிறகு அவளும் குரலைத் தாழ்த்தினாள். எல்லோரும் கேட்கிற அதே கேள்வி. “நான் என்னப்பா தப்புப் பண்ணேன்?”

அவன் பேனாவை மூடி வைத்தான்.

“நீ ஒண்ணும் பண்ணல. தப்பு இல்லம்மா இது. நரம்பு.”

“அப்போ தாத்தாவுக்கு?”

“தாத்தாவுக்கும்...” அவன் கொஞ்சம் நிறுத்தினான். “அதேதான்.”

“அப்போ உங்களுக்கு?”

அவள் அட்டையை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். ஒரு புதுத் தாளை எடுத்து, மேலே அவன் பெயரை எழுதினாள். மற்றதையெல்லாம் விட்டுவிட்டு நேராக ஏழுக்கு வந்தாள்.

“செருப்பு நழுவுதா?”

“நான் செருப்பே போடறதில்லையே.”

“ஏன் போடறதில்ல?”

அவன் என்னைப் பார்த்தான். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

“நழுவும்” என்றான்.

டாக்டரம்மா இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டார். சின்னச் சுத்தியலால் தட்டினார், காலில் லேசாக மின்சாரம் வைத்து அது நரம்பில் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்த்தார். பரம்பரையாக இறங்குகிற நோய், பெற்றவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றாராம். உயிரை எடுக்கிற ஜாதி இல்லை. குணமாக்க மருந்தும் இல்லை. பாதம் தொங்காமல் பிடிக்கப் பட்டை, தினமும் பயிற்சி, விழாமல் பார்த்துக்கொள்வது. “பத்தொம்பது வருஷமா என் வாசல்ல உக்காந்திருக்கீங்களே” என்று அவனைக் கேட்டிருக்கிறார்.

அவள் பேக்கரியில் தட்டு தூக்குவதை விட்டுவிட்டு, உட்கார்ந்து எடை போடும் வேலைக்கு மாறிவிட்டாள். அவள் ஷூ முனைக்கு மெல்லிய தோல் வைத்துக் கொடுத்தேன், வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி.

கால் கட்டுப் பிரித்த அன்று கேள்வி தன் பழைய ஷூவைக் கேட்டு வந்தான். பட்டை உள்ளே போகிற மாதிரி வாயைப் பெரிதாக்கி வைத்திருந்தேன். வாங்கித் திருப்பிப் பார்த்தான்.

“அந்த ரப்பரை எடுத்துடு, ஆணி.”

“வேற ஏதாவது வெக்கட்டுமா? சத்தம் வராத மாதிரி?”

“வேணாம். சத்தம் வந்தாத்தான் காலைத் தூக்கணும்னு ஞாபகம் வரும்.” ஷூவைப் போட்டு, கயிற்றை இறுக்கினான். “அவர் வந்துட்டுப் போகட்டும்.”

பிய்த்துக் கொடுத்தேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினான். ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு நான் காத்திருந்தேன். என் மண்டைக்கு மேலே ஒவ்வொரு படியாக, நிதானமாக, டக், சப். மேலே போய்ச் சேர்ந்ததும் சத்தம் நின்றது. திரும்பிப் பார்க்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு வராந்தாவில் மறுபடி ஆரம்பித்தது.