பெயர் போடாத கட்டுரை

தறிப்பட்டறை ஒன்றில் வேலை பார்த்த அந்த அம்மாவை, என் முனைவர் பட்ட ஆய்வுக்காக அவர் வீட்டில் சந்தித்தேன். மெலிந்த உடம்பு. தறிச் சத்தத்தில் காது மந்தமாகிவிட்டதால், பேசுகிறவரின் உதட்டையே உற்றுப் பார்ப்பார். முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயந்துகொண்டேதான் பட்டறை நிலைமையைச் சொன்னார்.

அவர் பெயரைப் போடாமல் கட்டுரை எழுதினேன். ஆய்விதழுக்கு அனுப்பும் முன் அவர் எதிரே உட்கார்ந்து உரக்கப் படித்துக் காட்டினேன். அவர் முகம் வெளிறிப்போனது.

"இடது கையில நூல் முடியறவள்னு எழுதியிருக்கீங்களே, சாமி?"

"உங்க பேரு போடலீங்கம்மா."

"எங்க பட்டறையில இடது கைக்காரி நான் ஒருத்திதானுங்க. பேர மட்டும் மறைச்சு என்னங்க பண்றது?"

அந்த வரியை அங்கேயே அடித்தேன். ஊர்ப் பெயரையும் எடுத்துவிட்டேன்.

கட்டுரை வெளிவந்த மகிழ்ச்சியில், யோசிக்காமல் பிரதியோடு பட்டறைக்கே போய்விட்டேன். வாசலில் முதலாளி நின்றிருந்தார். உள்ளிருந்து வந்த அந்த அம்மா, முன்பின் பார்க்காத ஆளிடம் கேட்பதுபோல, "யாருங்க வேணும்?" என்றார்.

"எடம் மாறி வந்துட்டேனுங்க" என்று திரும்பி நடந்தேன்.

அந்த அம்மாவின் குரலில் இருந்தது பயமா, என் மேல் கோபமா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.