மஞ்சள் அரிசியும் ஆளுயரப் பிடிலும்

தேங்காய் வாங்குகிறவர் அதைக் காதருகே வைத்துக் குலுக்குவார். உள்ளே தண்ணீர் ஆடும் ஓசையைக் கொண்டு காயின் குணத்தை அறிவார். இந்த நாட்டில் என் வாத்தியத்தையும் அப்படித்தான் குலுக்கிப் பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் இசைக்குழு ஏதேனும் ஒரு ரப்பர் தோட்டத்தில் வாசித்துவிட்டுத் திரும்பும்போது, வாசலில் துப்பாக்கியோடு நிற்கும் காவலர் என் பேஸை இரு கைகளாலும் அணைத்துத் தூக்கி, அதன் வயிற்றில் காதை வைத்து இப்படியும் அப்படியும் ஆட்டுவார். உள்ளே ஒன்றும் ஆடவில்லை என்றால் லாரியில் ஏற்றலாம். அவர் தேடுவது தண்ணீரை அல்ல, அரிசியை.

இங்கே இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஊரில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். மலாயாவில் இப்போது அவசரகாலம். காட்டுக்குள் ஆயுதத்தோடு இருப்பவர்களுக்கு உணவு எட்டக்கூடாது என்பதற்காகத் தோட்டத்துத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டு, ஒரே ஒரு வாசல் வைத்திருக்கிறார்கள். ரப்பர்ப் பாலெடுக்கப் பால்மரம் வெட்டப் போகிறவர் ஒரு பிடி சோற்றைக்கூட வேலிக்கு வெளியே கொண்டுபோகலாகாது. சில தோட்டங்களில் வீடுகளுக்கு அரிசியே கொடுப்பதில்லை. பொதுச் சமையற்கூடத்தில் வடித்த சோற்றைத்தான் கொடுக்கிறார்கள். சோறு மறுநாளே புளித்துவிடும், அரிசியோ மாதக்கணக்கில் காட்டில் கெடாமல் கிடக்கும் என்பது கணக்கு. மீறியவர் தடுப்பு முகாமுக்குப் போவார். என்னைப்போல் இங்கே பிறக்காதவராயின், அங்கிருந்து கப்பலுக்கு. நாகப்பட்டினத்தில் இறங்கும்போது வரவேற்க எவரும் வரமாட்டார்கள். அரிசிமாவால் கோலமிட்டு எறும்புக்கும் உணவிட்ட வாசல்களைத் தாண்டிக் கல்லூரிக்குப் போனவன் நான். அரிசி ஒரு குற்றப் பொருளாக இருக்கக்கூடும் என்பதை நம்ப எனக்குச் சில காலம் பிடித்தது.

பேஸ் என்பது ஆளுயர வயலின். நின்றுகொண்டு விரலால் கம்பியை இழுத்து வாசிப்பது. தோட்டத்து மக்கள் அதைப் ‘பெரிய பிடில்’ என்கிறார்கள். திருச்சியில் கல்லூரி இசைக்குழுவில் அதை வாசிக்க ஆள் இல்லாததால், உயரமாக இருந்த ஒரே காரணத்துக்காக அது என் கைக்கு வந்தது. மூன்றாண்டுகள் வாசித்தேன், எவரும் கேட்டதில்லை. அதன் ஒலி தரைக்குள்ளேயே இறங்கிப் போய்விடும். சபையில் அமர்ந்திருந்த என் தகப்பனார், நீ கையை மட்டும்தான் அசைத்தாயா என்று வீட்டுக்கு வந்து கேட்டார். பட்டம் பெற்றுச் சிரம்பானில் தமிழ்ப் பள்ளி ஆசிரியராக வந்தபின்புதான் என் ஒலியை நானே முழுதாகக் கேட்டேன். ரயில்வே பணிமனையில் வேலை செய்யும் அக்கார்டியன்காரர் சவரிமுத்து தம் குழுவில் என்னைச் சேர்த்துக்கொண்டு, பேஸுக்கு ஒலிபெருக்கி வைத்தே தீருவதென்று நின்றார்.

அது எளிய காரியமாக இருக்கவில்லை. கோயில் விழாக்களில் கட்டும் குழாய் ஒலிபெருக்கி பாட்டையும் அக்கார்டியனையும் காதைக் கிழிக்குமளவு கொடுக்கும். பேஸின் கீழ்ச்சுரங்களை விழுங்கிவிட்டு வெறும் தட்டல் ஓசையை மட்டும் துப்பும். போருக்குப்பின் சிரம்பான் கடைத்தெருவில் விலைக்கு வந்த இராணுவச் சாமான்களில், விமானிகள் தொண்டையில் கட்டிக்கொள்ளும் சிறு ஒலிவாங்கி ஒன்று கிடைத்தது. அதைப் பழந்துணியில் சுற்றி, கம்பிகளைத் தாங்கும் குதிரையின் அடியில் செருகினோம். காகிதக் கூம்பு வைத்த பெரிய ஒலிபெருக்கி ஒன்றை, ரப்பர் பாளங்கள் ஏற்றுமதியாகும் மரப்பெட்டிக்குள் பொருத்தி, உள்ளே இலவம்பஞ்சு அடைத்தோம். வால்வு ஆம்ப்ளிஃபையர் லாரியின் பேட்டரியில் ஓடியது. லாரிக்காரர் காதர்தான் எங்கள் டிரம்காரரும். சிரம்பானில் உணவுக்கடை வைத்திருக்கும் குடும்பத்தவர். அண்ணன் தம்பிகள் பரோட்டா தட்ட, தாம் தோல் தட்டுவதாகச் சொல்லிக்கொள்வார். முதன்முதல் அந்தப் பெட்டியிலிருந்து என் கம்பியின் ஒலி எழுந்து தரைவழியே என் பாதத்துக்கு வந்தபோது, இந்த நாட்டில் எனக்கு ஓர் இடம் இருக்கிறது என்று எண்ணினேன்.

நான் சொல்ல வந்தது பெடாஸுக்கு அருகே ஒரு தோட்டத்தில் நடந்த திருமணத்தைப் பற்றி. வேலையாட்களை மேய்க்கும் கங்காணியான மண்டோர் முனியாண்டியின் மகளுக்குக் கல்யாணம். ஊரடங்கு இருப்பதால் எல்லாம் பகலிலேயே முடிய வேண்டும். வாசற்காவலில் இருந்தவர் இஸ்மாயில் என்ற இளைஞர். ரெம்பாவ் பக்கத்துக் கம்பத்துக்காரர், அதாவது மலாய்க் கிராமத்தவர். அந்தத் தோட்டத்துக்கு நாங்கள் முதன்முறை போனபோது, லாரியில் கித்தான் உறை போர்த்துக் கிடத்தியிருந்த பேஸைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு நின்றவர் அவர். மரியாதை செய்கிறார் என்று நான் புன்னகைத்து நன்றி சொன்னேன். யாரோ இறந்துபோனதாக எண்ணியிருந்த அவர், சிரிக்கும் என்னைத் திகைப்போடு பார்த்தார்.

அந்தத் தோட்டத்திலும் வடித்த சோறுதான், வேகாத அரிசி கிடையாது. அட்சதைக்கென்று மண்டோர், தோட்டத்து மேலாளரான துரையிடம் நடையாய் நடந்து ஒரு சிறு அளவு அரிசிக்கு அனுமதி பெற்றிருந்தார். அதில் ஒரு மணி வேலியைத் தாண்டினாலும் நீதான் பொறுப்பு என்று துரை எச்சரித்திருந்தார். பட்டணத்து நாதசுரக்காரர்களுக்கு உள்ளே வர அனுமதி கிடைக்கவில்லை. எனவே தாலி கட்டும் நேரத்தில் மங்கல ஓசை எழுப்பும் பொறுப்பு எங்கள் மேல் விழுந்தது. காதர் டிரம்மைத் தவில்போல் முழக்கினார். நான் கீழ்க்கம்பியில் சுருதி பிடித்து நின்றேன். மணமக்கள் மேல் அட்சதை விழுந்தது. பிறகு மண்டோரின் மனைவி அங்கம்மாள் தட்டில் மிஞ்சிய மஞ்சள் அரிசியோடு நேராக என்னிடம் வந்தார்.

“மேளத்துக்குப் போடாத அட்சதை பொண்ணுக்கு ஒட்டாதுங்க வாத்தியாரே,” என்றார். நாதசுரத்துக்கும் தவிலுக்கும் செய்யும் முறையை அவர் என் பேஸுக்கும் செய்தார். கண்களை மூடிக்கொண்டு, இரு கைகளாலும் அள்ளி, அதன் தோளிலும் நெஞ்சிலும் தூவினார். பேஸின் மார்பில் ஒலி வெளியேற வளைந்த இரண்டு துளைகள் உண்டு. அவற்றின் வழியாக எவ்வளவு உள்ளே போயிற்று என்பதை அப்போது எவரும் பார்க்கவில்லை. எனக்கோ மனம் நெகிழ்ந்திருந்தது.

அடுத்த பாட்டைத் தொடங்கியபோது ஒலிபெருக்கி அதைச் சொல்லிவிட்டது. ஒவ்வொரு கீழ்ச்சுரத்துக்கும் கிர்ர்ரென்று ஓர் அதிர்வு பந்தல் முழுவதும் பரவியது.

“உங்க பிடிலு பல்லக் கடிக்குது வாத்தியார்,” என்றார் காதர். சிரித்தவர்களில் மண்டோர் இல்லை. தட்டையும் பேஸையும் மாறி மாறிப் பார்த்தவரின் முகம் வெளுத்துவிட்டது.

பாட்டை நிறுத்தி, பேஸை லயத்தின் பின்புறம் கொண்டுபோய்த் தலைகீழாகக் கவிழ்த்து ஆட்டினோம். அரிசி உதிர்ந்தது. அங்கம்மாள் முந்தானையை விரித்து ஏந்திக்கொண்டார். ஆனால் நெய்யும் மஞ்சளும் பிசறிய அரிசி அது. உள்மரத்தில் ஒட்டிக்கொண்டு, தட்டத் தட்ட ஒவ்வொன்றாய் விட்டது. கம்பியை மீண்டும் ஆம்ப்ளிஃபையரில் இணைத்து ஒவ்வொரு சுரமாகச் சோதித்தேன். எல்லாம் சுத்தமாக ஒலித்தன, மிகத் தாழ்ந்த ஒரு சுரத்தைத் தவிர. அந்த ஒன்றில் மட்டும் ஏதோ ஒரு மணி இன்னும் துடித்தது. ஊரடங்குக்குமுன் வெளியேற வேண்டிய நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

காதர் ஒரு வழி கண்டுபிடித்தார். ஒலிபெருக்கிப் பெட்டியிலிருந்து இலவம்பஞ்சைப் பிடுங்கித் துளைகள் வழியே அடைத்துவிட்டால், எவ்வளவு குலுக்கினாலும் ஓசை வராது. சவரிமுத்து அதற்குள் பெட்டியின் பின்பலகையைக் கழற்றத் தொடங்கிவிட்டார். நான் தடுத்தேன். உள்ளே தவறி விழுந்த அரிசிக்கு ஒரு விளக்கம் உண்டு. பஞ்சு வைத்து மறைத்த அரிசிக்கு விளக்கம் இல்லை. அகப்பட்டால் அந்தப் பஞ்சே சாட்சியாகும். அப்போது போவது நான் மட்டுமல்ல. அனுமதியில் பெயர் இருக்கும் மண்டோரும், பிறகு இந்த லயத்தில் எவர் வீட்டுக் கல்யாணத்துக்கும் கிடைக்கக்கூடிய ஒரு பிடி அரிசியும். உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

“சொன்னா மட்டும் மால மரியாதையா செய்யப் போறான்?” என்றார் சவரிமுத்து. “ஒங்களுக்குத் திருச்சி இருக்கு, சார். கப்பல்ல ஏத்தினா வீடு போய்ச் சேருவீங்க. முனியாண்டி எங்க போவான்? அவன் பொறந்ததே இந்தத் தோட்டத்துலதான்லா.”

மண்டோர் என் கையைப் பற்றிக்கொண்டார். “பொண்ணு களுத்துல மஞ்சக் கயிறு இன்னும் காயல வாத்தியாரே. பஞ்சு வைக்கறதோ சொல்றதோ, நீங்க படிச்சவரு, நீங்களே முடிவு பண்ணுங்க. ஆனா நானும் கூட வர்றேன். என் முதுகுக்குப் பின்னால நடக்க வேணாம்.”

வாசலில் இஸ்மாயில் தனியாகத்தான் நின்றார். இருபதடி தள்ளி, காவற்கொட்டகைக்குள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். இஸ்மாயில் பேஸைத் தொடுமுன், எனக்குத் தெரிந்த மலாய் மொழியில், உள்ளே அரிசி விழுந்திருக்கிறது, கல்யாணத்தில் விழுந்தது, இது என்னுடைய பொறுப்பு, மண்டோருக்குத் தொடர்பில்லை என்று சொல்லி முடித்தேன். அவர் வழக்கம்போல் அதை அணைத்துத் தூக்கிக் காதை வைத்து ஆட்டினார். ஓசை கேட்டது. கவிழ்த்து ஆட்டினார். எங்களுக்கு விழாத ஒரு மணி அவருக்கு விழுந்தது. அதை உள்ளங்கையில் வைத்து வெயிலில் பார்த்தார். மண்டோர் மூச்சுவிடும் ஓசை என் தோளுக்குப் பின்னால் கேட்டது.

“பெராஸ் குஞிட்,” என்றார் இஸ்மாயில், தாழ்ந்த குரலில். மஞ்சள் அரிசி. சென்ற ஆண்டு தம் திருமணத்தில் தம்மேலும் தம் மனைவிமேலும் பெரியவர்கள் இதைத்தான் தூவினார்கள் என்று மலாயில் சொன்னார். பிறகு மீண்டும் பேஸை ஆட்டினார். உள்ளே இன்னும் ஒன்று உருண்டது. கொட்டகையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

“பெராஸ் தா பொலே கெலுவார், சிக்கு,” என்றார். அரிசி வெளியே போகக்கூடாது, வாத்தியாரே. சொல்லிவிட்டுக் கட்டைவிரலை நீட்டிக் காட்டினார். மலாய்க்காரர் சுட்டுவிரலால் எதையும் சுட்டுவதில்லை. அது மரியாதைக் குறைவு. அந்தக் கட்டைவிரல் நீண்ட திசையில் காவற்கொட்டகை இருந்தது. அதிகாரியிடம் போகச் சொல்கிறார் என்று புரிந்துகொண்டேன். பேஸைத் தோளில் சாய்த்துக்கொண்டு கொட்டகையை நோக்கி நடக்கத் தொடங்கினேன். இஸ்மாயிலின் கண்கள் விரிந்தன. அவரால் கூப்பிடவும் முடியவில்லை. கூப்பிட்டால் அதிகாரி திரும்பிவிடுவார். சவரிமுத்துதான் பாய்ந்து வந்து என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தார்.

“லயத்தக் காட்டறான் சார், கொட்டகைய இல்ல. பிடில உள்ள விட்டுட்டுப் போகச் சொல்றான்.”

கொட்டகைக்குப் பின்னால், அதே திசையில், லயங்கள் இருந்தன. அரிசி வெளியே போகக்கூடாது என்பதே சட்டம். பேஸும் வெளியே போகாவிட்டால் எவரும் எதையும் மீறவில்லை. மண்டோர் என் தோளிலிருந்து அதை வாங்கி, பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு உள்ளே திரும்பி நடந்தார். இஸ்மாயில் தம் உள்ளங்கையிலிருந்த மணியை வேலிக்கு உட்புறமாகச் சுண்டிவிட்டார். நாங்கள் வெளியே வந்தோம்.

இப்போது என் பேஸ் அந்தத் தோட்டத்தில், பால் வெட்டப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் ஆயாக் கொட்டகையில் நிற்கிறது. உள்ளே மிஞ்சிய மணியை எடுக்க வேண்டுமென்றால் அதன் பின்பலகையைத் திறக்க வேண்டும். திறக்கத் தெரிந்தவர் கோலாலம்பூரில்தான் இருக்கிறார். அங்கே கொண்டுபோக வேண்டுமென்றால் மணியை முதலில் எடுத்திருக்க வேண்டும். ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் நான்தான் அதனிடம் போகிறேன். மற்றத் தோட்டங்களில் குழு பேஸ் இல்லாமல் வாசிக்கிறது. நான் பஞ்சு வைத்திருக்க வேண்டும் என்றே சவரிமுத்து இன்றும் சொல்கிறார். ஊரிலிருந்து, எப்போது திரும்புவாய் என்று கேட்கிறார்கள். திருச்சி இருக்கிறது என்று சவரிமுத்து சொன்னது நினைவுக்கு வருகிறது. அது உண்மைதானா என்று எனக்கே இப்போது உறுதியில்லை.

சென்ற வாரம் வாசலில் இன்னொரு விதி சேர்ந்துகொண்டது. காட்டுக்குள் இருப்பவர்களின் வானொலிக்கு உதவும் என்பதால் இனிப் பேட்டரி உள்ளே வரக்கூடாது. லாரி வெளியே நின்றது. ஆம்ப்ளிஃபையரும் பெட்டியும் அதன்மேல். நான் திரும்பிப் போக நினைத்தபோது இஸ்மாயில் ஒலிவாங்கியின் கம்பிச் சுருளைக் கேட்டு வாங்கினார். முள் படாமல் விரலால் விலக்கி அதை வேலியின் ஊடே உள்ளே கொடுத்தார். இந்தமுறை அதிகாரி பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கம்பிக்கு விதி ஏதும் இல்லை. அங்கம்மாளும் புது மணப்பெண்ணும் ஆயாக் கொட்டகை வாசலுக்குப் பேஸைத் தள்ளி வந்தார்கள். நான் உள்ளே போய் ஒலிவாங்கியை இணைத்துவிட்டு மிகத் தாழ்ந்த கம்பியை இழுத்தேன். என் விரல் பட்ட இடத்தில் ஒன்றும் கேட்கவில்லை. வேலிக்கு அப்பால், சாலையில், ரப்பர் மரங்களுக்கிடையே, என் ஒலி எழுந்தது. எழுந்து வேலியைத் தாண்டி என்னிடம் வந்தது. அதனுள்ளே அந்த ஒரு மணி அரிசியும், வெளியே போகாமலேயே, ஊர் கேட்க அதிர்ந்துகொண்டிருந்தது.