வெண்கலத்தில் ஒரு பெயர்

குற்றம் செய்தவனை விட்டுவிட்டுச் சமூகத்தைப் பிடித்துக் கூண்டில் ஏற்ற உங்களால் முடியுமா?

முடியாது என்று சொல்லிக்கொண்டேதான் வெல்டன் டார்ப்லி முட்டையின் மேல் மிளகுத்தூளைக் கொட்டுகிறார். அமெரிக்கத் தெற்கில் ஒரு மாவட்டமான ப்ரூவர் கவுண்டியின் வாரப் பத்திரிகைக்குத் தன் கட்டுரையை அனுப்புவதற்கு முன்னால், புதன்கிழமை காலையில் டார்லீனின் சாப்பாட்டுக் கடையில் அதை உரக்கப் படித்துக் காட்டுவது அவர் வழக்கம். கேட்க விருப்பமில்லாதவர்கள் சன்னலோர மேசைக்குப் போகலாம். அங்கேயும் கேட்கும்.

"சமூகம் துப்பாக்கி பிடிக்காது. ஆள்தான் பிடிப்பான். அவனுக்குப் பெத்தவ வச்ச பேரு ஒண்ணு இருக்கு."

இதைப் போன மாதமே படித்தாயிற்று என்கிறாள் டார்லீன், காப்பியை ஊற்றியபடி.

"போன மாசம் எவனும் கேக்கல. அதான் திரும்பவும்."

கவுண்டியின் காவல்துறையான ஷெரிப் அலுவலகத்தில் முப்பது ஆண்டு துப்பறிவாளராக இருந்தவர். அவருடைய அப்பாவும் அங்கேதான். தாத்தா அதே ஊர்ச் சிறையின் காவலர். மூன்று தலைமுறைச் சட்டைகளில் குத்திய நட்சத்திர வில்லைகள் அவர் வீட்டுக் கூடத்தில் கண்ணாடிக்குள் இருக்கின்றன. சட்டைப் பையில் அரசியல் சட்டத்தின் கையடக்கப் பிரதி; பன்றிக்கொழுப்புப் பட்டு அதன் ஓரங்கள் கண்ணாடிபோல் ஆகிவிட்டன. திருடனுக்கு இரக்கம் காட்டும் நீதிபதியைத் திட்டுவார். உள்நாட்டுப் போர்த் தளபதிகளின் சிலைகளை இடிப்பவர்களைத் திட்டுவார். வாழ்நாள் முழுக்க ஒரே கட்சிக்கு ஓட்டுப் போட்டவர். ஆனால் அந்தக் கட்சியின் விருந்துகளில் அவரைப் பேச விடுவதில்லை. லஞ்சம் வாங்கிய சொந்தக் கட்சிக்காரன் ஒருவன், கோழி திருடியவனோடு ஒரே சிறையறையில் படுக்க வேண்டும் என்று எழுதியதிலிருந்து இப்படி. ஜனாதிபதியைப் பற்றிக் கேட்டால், "நாம சம்பளத்துக்கு வச்ச ஆளு. எந்திரிச்சு நிக்கலாம், விழுந்து கும்பிடக் கூடாது" என்பார்.

ஆகவே, நீதிமன்ற வாசலில் லூஷியஸ் போல்க்குக்கு ஒரு வெண்கலப் பலகை வைக்கப் போகிறார்கள் என்ற செய்தி வந்தபோது, அதை வெல்டன் கிழித்துப் போடுவார் என்று ஊர் எதிர்பார்த்தது.

1919இல் விசாரணைக்குக் காத்திருந்த லூஷியஸ் போல்க் என்ற கறுப்பு இளைஞரை ஊர்ச் சிறையிலிருந்து ஏழு வெள்ளையர் இழுத்துப் போய்க் கொன்றார்கள். பூட்டு உடையவில்லை. அடையாளம் தெரியாதவர்கள் கொன்றார்கள் என்று மரண விசாரணையில் எழுதி மூடிவிட்டார்கள். அடையாளம் தெரியாதவர்கள் மறுநாள் கடை திறந்தார்கள், ஞாயிறன்று தேவாலயத்தில் பாடினார்கள், பேரப்பிள்ளைகளைக் கொஞ்சினார்கள். கொலையைவிடக் கேவலமானது இந்த நிம்மதி.

கறுப்பர்களின் தேவாலயங்கள்தாம் பலகைக்கு ஏற்பாடு செய்தன. முன்னின்றவர், லூஷியஸின் தம்பி மகள் எர்னஸ்டீன் போல்க். கவுண்டி மன்றத்தின் தலைவர் க்ளீவ் ஹேடக் வாசகத்தைப் பார்த்துவிட்டுச் சம்மதித்தார். 'ஒரு கும்பலால் கொல்லப்பட்டார்' என்று இருந்தது. யாருக்கும் வலிக்காது.

மன்றத்தின் கூட்டத்தில், பொதுமக்கள் பேசலாம் என்றதும் வெல்டன் எழுந்தார். பின்வரிசையில் சிலர் கை தட்டத் தயாரானார்கள். அவர் பேசப் பேச அந்தக் கைகள் மடிக்கு இறங்கின. தலைமுறை தலைமுறையாக வெள்ளையர் எல்லாருமே குற்றவாளிகள் என்ற பேச்சை இன்றும் ஏற்கவில்லை, நாளையும் ஏற்கப் போவதில்லை என்றார். செய்தவன்தான் குற்றவாளி என்றார். அப்படியானால் கும்பல் என்று எழுதுவது செய்தவனை ஒளித்துவிட்டு ஊர் முழுவதையும் மாட்டிவிடுகிற வேலை. பெயர்களைப் போடுங்கள் என்றார்.

"முதல்ல ஏமஸ் டார்ப்லின்னு போடுங்க. சிறைக் கதவைத் தொறந்து விட்டவர். எங்க தாத்தா."

க்ளீவ் ஹேடக் அவரோடு நாற்பது ஆண்டாக மீன் பிடிக்கப் போகிறவர். ஒலிவாங்கியைக் கையால் மூடிக்கொண்டு, ஆனாலும் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "கேஸ் நடக்கல, தீர்ப்பு இல்ல. நிரூபிக்கிற வரைக்கும் நிரபராதின்னு வாரா வாரம் எழுதுறவன் நீதானப்பா."

"கேஸ் நடக்காம பாத்துக்கிட்டவங்களுக்கு அந்தச் சலுகை கெடையாது, க்ளீவ். ஆனா நீ கேட்டதுல நியாயம் இருக்கு. சாட்சி வேணும். எனக்குப் பத்து வயசு. ஞாயித்துக்கெழமை சாப்பாட்டு மேசை. பூட்டைத் தொறந்து குடுத்ததை அந்த மனுசன் சிரிச்சுக்கிட்டே சொன்னாரு, நான் என் காதால கேட்டேன். மத்த ஆறு பேரு யாருன்னும் ஊருக்கே தெரியும். ஆனா அது நான் பிறத்தியார் சொல்லிக் கேட்டது. அதுக்கு நான் சத்தியம் பண்ண மாட்டேன். பண்ண வேண்டியவங்க இந்த ரூம்லயே இருக்காங்க."

மன்றம் முணுமுணுத்தது, பிறகு தந்திரமாக ஒரு முடிவுக்கு வந்தது. எந்தக் குடும்பத்தில் ஒருவர் சத்தியம் செய்து சாட்சி சொல்கிறாரோ அந்தப் பெயரை மட்டும் போடலாம். எவன் வரப்போகிறான் என்ற தைரியம் அவர்களுக்கு. வெல்டன் அங்கேயே வலக்கையை உயர்த்தினார். வேறு கை எழவில்லை. அவருடைய சொந்தத் தங்கையே பாதியில் வெளியேறினார். அதற்குப் பிறகு, குடும்பமே கூடும் நன்றி கூறும் நாள் வான்கோழி விருந்துக்கு அவரை அழைக்கவில்லை.

நடைவழியில் எர்னஸ்டீன் அம்மையார் அவரை நிறுத்தினார். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள்.

"மிஸ்டர் டார்ப்லி, அந்த ஏழு பேரும் எங்க வீட்டுல சின்னக் கொழந்தைக்குக்கூட மனப்பாடம். நீங்க இன்னைக்குக் கண்டுபிடிச்ச மாதிரி பேசாதீங்க."

"இல்ல, மிஸ் எர்னஸ்டீன். உங்களுக்குச் சொல்ல நான் வரல. எங்க ஆளுங்களுக்குச் சொல்ல வந்தேன்."

"தாமதம்," என்றார் எர்னஸ்டீன் அம்மையார். பிறகு, "இருந்தாலும் சத்தமாத்தான் சொன்னீங்க."

அந்த வாரக் கட்டுரையை வெல்டன் யார் மேலும் பாயாமல் எழுதினார். தன் குற்றத்தைத் தன் நீதிமன்ற வாசலிலேயே எழுதி வைக்கத் துணிகிற நாடு உலகில் எத்தனை உண்டு. அந்த நாட்டில் பிறந்ததற்காகத் தான் நெஞ்சை நிமிர்த்தி நடப்பதாக எழுதியிருந்தார். துணிச்சல் இன்னும் ஏழில் ஒரு பங்குதான் வந்திருக்கிறது என்றும் சேர்த்திருந்தார். டார்லீன் முதன்முறையாகக் காப்பிக் கெண்டியைக் கீழே வைத்துவிட்டு நின்று கேட்டாள்.

பலகை திறந்த நாளில் கூட்டம் அதிகமில்லை. எர்னஸ்டீன் அம்மையார் துணியை விலக்கினார். மேலே லூஷியஸ் போல்க்கின் பெயர், பெரிதாக. அடியில், கொன்றவர்கள் என்ற சொல்லுக்குக் கீழே ஒரே ஒரு பெயர். அதற்குக் கீழே, வார்ப்பவரிடம் வெல்டன் சொல்லி விட்டுவைத்த வெறும் வெண்கலம், ஆறு வரிக்கு.

க்ளீவ் ஹேடக் ஓரமாக நின்றார். மன்றத் தலைவர் வராமல் இருக்க முடியாது. அந்த ஆறில் ஒன்று அவருடைய தாத்தாவின் பெயர்.

வெல்டன் தொப்பியைக் கழற்றினார். வெயிலில் சூடேறிய வெற்று உலோகத்தின் மேல் உள்ளங்கையை வைத்து, நண்பரைத் திரும்பிப் பார்த்தார்.

"எடம் இருக்கு, க்ளீவ்."

க்ளீவ் போய்விடவில்லை. வெல்டனும் கையை எடுக்கவில்லை.

உங்கள் ஊரிலும் யாரோ கொளுத்திய தெரு ஒன்று இருக்கும், யாரோ அடித்துக் கொன்ற மனிதன் ஒருவன் இருப்பான். அந்த யாரோ உங்கள் வீட்டுச் சுவரில் மாலையோடு தொங்கினால், நாளைக் காலை செத்தவனின் வீட்டுக் கதவைத் தட்டி அந்தப் பெயரை உங்கள் வாயால் சொல்லுங்கள்.