பகை வீட்டுச் சோறு

வளைகுடாப் போர் நடந்த குளிர்காலம் அது. லண்டனில் பனி கொட்டி, ரயில்கள் நின்று, நகரமே வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தது. ஹவுன்ஸ்லோவில் மினிகாப் டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு மத்தியானம், எங்கள் டாக்சிக் கந்தோரில் சவாரி பிரித்துக் கொடுக்கிற தம்பி ரேடியோவில் கூப்பிட்டான்.

"அண்ணை, எயார்போர்ட்டில ஒரு அரபுக்கிழவர் நிக்கிறார். ஒரு வீட்டில இறக்கி, அங்கயே நிண்டு, திருப்பிக் கொண்டுவரவேணுமாம். பாலைவனத்து ஆள், ஹீட்டரைக் கூட்டிவிடுங்கோ."

கிழவரிடம் பெட்டி, பை எதுவும் இல்லை. பாதி வழியில், காலநிலையைப் பற்றிப் பேசுவதுபோல, ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினார். அவர் ஒரு குலத்தின் தலைவர். நாங்கள் போகிற வீட்டுக்காரர், எல்லைக்கு அந்தப் பக்கத்துக் குலத்தின் தலைவர். இந்தப் போரில் அந்த மனிதரின் மூத்த மகனை இவருடைய ஆட்கள் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். பழிக்குப் பழி தொடங்குமுன் சமாதானம் கேட்கப் போகிறார்.

"நான் வெளியே வராவிட்டால் பொலிசுக்குப் போகாதே. விமான நிலையத்தில் என் மகள் காத்திருக்கிறாள். அவளிடம் மட்டும் சொல்."

நான் ஹீட்டரை இன்னும் கொஞ்சம் கூட்டிவிட்டேன்.

அந்தத் தெருவுக்குள் திரும்பியதுமே உரல் இடிக்கிற சத்தம் கேட்டது. பித்தளையில் பித்தளை படுகிற மெல்லிய தாளம். விருந்தாளிக்காகக் கோப்பிக்கொட்டை இடிக்கிறார்கள் என்றார் கிழவர். அவர் வாசலில் கால் வைத்ததும் அது நின்றது. அப்படியொரு அமைதியை நான் யாழ்ப்பாணத்தில், ஷெல் விழுமுன் மட்டும்தான் கேட்டிருக்கிறேன்.

காருக்குத் திரும்பிய என்னை வீட்டுக்காரர் விடவில்லை. விருந்தாளியோடு வந்தவனைப் பனியில் நிறுத்துவது தன் வீட்டுக்கு இழுக்காம். உள்ளே திரைகள் இழுத்து மூடியிருந்தன. சுவரோரம் ஆண்கள், கண் இமைக்காமல். எங்கோ ஒரு கதவுக்குப் பின்னால் ஒரு பெண் அழுகையை விழுங்கிக்கொண்டிருந்தாள். பெரிய தட்டில் சோறும் ஆட்டிறைச்சியும் வந்தன. மகனைப் பறிகொடுத்தவர் நல்ல துண்டுகளாகத் தன் கையாலேயே பிய்த்துக் கிழவர் முன் வைத்தார். கிழவர் மெல்லுகிற சத்தம் மட்டும் அறையில் இருந்தது. நானும் சாப்பிட்டேன். இறைச்சி ருசியாக இருந்தது; அதுதான் பயங்கரம்.

கைகழுவிய பிறகு இருவரும் அரபியில் ஏதோ சுருக்கமாகப் பேசினார்கள். வீட்டுக்காரர் சுவரோரம் நின்ற தன் இளைய மகனைப் பார்த்துத் தலையசைத்தார்.

கிழவர் காரின் பின்சீட்டில் ஏறியதும், அவன் வந்து என் பக்கத்து சீட்டில் ஏறினான். வழியில் எந்த இடத்தில் கிழவரைக் கொல்லப் போகிறானோ என்று ஒவ்வொரு சிக்னலிலும் அவன் கைகளையே பார்த்தேன். அவன் ஒருமுறைகூடப் பின்னால் திரும்பவில்லை. விமான நிலையத்தில் முதலில் இறங்கி, கூட்டத்தை விலக்கி, மகள் வந்து கையைப் பிடிக்கும்வரை கிழவருக்கு முன்னால் நடந்தான்.

திரும்பி வந்தவனிடம், சமாதானமா என்று கேட்டேன்.

"பழிவாங்காமல் இருக்க அப்பா ஒரு வருடத் தவணை கொடுத்திருக்கிறார். நான் ஒன்றும் கொடுக்கவில்லை. ஆனால் எங்கள் சோறு அவர் வயிற்றில் இருக்கும்வரை, அவரைத் தொட வருகிறவன் முதலில் என்னைக் கொல்ல வேண்டும்."

எவ்வளவு காலத்துக்கு என்றேன்.

"எங்கள் வழக்கத்தில் மூன்று நாள்," என்றான்.

ஒருவனை மன்னிக்காமலே அவனைப் பத்திரமாக வழியனுப்ப ஒரு மனிதனால் முடியும் என்று அன்றைக்குக் கண்டேன்; அது ஆறுதலா பயமா என்று இத்தனை வருடம் கழித்தும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.