அழிக்காமல் விட்ட பூட்டுகள்

அவர் பெயரை நான் கேட்கவில்லை. துறைமுகச் சரக்குக்குச் சுங்க அனுமதி வாங்கித் தரும் எங்கள் கிளியரிங் ஆபீஸின் இணையதள சர்வரைச் சரிசெய்ய சாத்தான்குளத்திலிருந்து பஸ்ஸில் வந்தவர். ஒல்லியான ஆள், கழுத்துப் பித்தான் வரை பூட்டிய வெள்ளைச் சட்டை. கீபோர்டைத் தொடும் முன் செட்டிங் ஃபைல் முழுவதையும் ஜெபமாலை சொல்வதுபோல் உதடசைய வாசித்தார். ஜன்னலுக்கு வெளியே துறைமுகக் கிரேன்கள் உப்புக்காற்றில் மிதப்பதுபோல் தெரிந்தன.

லாரி டிரைவர்களின் லைசென்ஸ் நகல்கள் இருந்த ஃபோல்டரை ஊரே திறந்து பார்க்க முடிந்தது. அதைப் பூட்டும் வரியை நான் அந்த செட்டிங் ஃபைலில் எழுதினேன்; பூட்டவில்லை. மேலே, நடுவே, அடியில் என்று ஐந்து இடத்தில் எழுதியும் பலிக்கவில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவன், இந்த வேலை போனால் எங்கே போவேன்?

“என்ன அண்ணாச்சி, ஒரே பூட்ட அஞ்சு எடத்துல போட்டிருக்கிய?”

“பயம்தான் சார்.”

“ஃபோல்டருக்கு எழுதுனத எங்கன வச்சாலும் சர்வர் முதல்லயே வாசிச்சிரும். வெப் முகவரிக்கு எழுதுனதக் கடைசியாத்தான் வாசிக்கும். ரெண்டும் முட்டுனா, கடைசியா வாசிச்சதுதான் நிக்கும். இந்தா, முகவரிக்குக் கீழ யாரோ ‘எல்லாரும் வரலாம்’னு எழுதி வச்சிருக்கான்.”

அந்த ஒரு வரியை நீக்கி, சர்வரை நிறுத்தி ஓட்டி, தன் போனில் திறந்து காட்டினார். அனுமதி இல்லை என்றது. எனக்கு மூச்சு வந்தது. என் பூட்டுகளில் நான்கை அழித்துவிடட்டுமா என்று கேட்டேன்.

“கெடக்கட்டும். அதுக ஒண்ணோட ஒண்ணு சண்டை போடாது. ஒங்களுக்கும் ஒறக்கம் வரும்லா.”

கேலியா, கரிசனமா, தெரியவில்லை. இன்றும் அந்த ஃபைலைத் திறந்தால் என் உதடு தானாக அசைகிறது. ஐந்தும் அங்கேயே இருக்கின்றன.