நான்கு இளம்பரிதிகளும் ஒரு மைக் செட்டும்

சுங்குவார்சத்திரத்தில் புத்தகம் படித்து யாரும் கெட்டுப்போனதில்லை. படித்தால்தானே கெட்டுப்போவதற்கு? ஷிப்டுக்குப் போகவும் ஷிப்டு முடிந்து வந்து தூங்கவுமே நேரம் சரியாக இருக்கிற ஊர் அது. அப்படிப்பட்ட ஊரில் போன ஆவணியில் ஒரு புத்தகம் வந்து இறங்கி, டீக்கடையிலிருந்து கம்பெனி பஸ் வரைக்கும் ஆளாளுக்கு அதையே பேச வைத்தது என்றால், அந்தப் பெருமையில் பாதி மைக் செட் பலராமனுக்குச் சேர வேண்டியது. மனுஷன் அதைத் தடுக்கத்தான் பார்த்தார், பாவம்.

எழுதியவர் பெயர் புருஷோத்தமன். காலமாகிவிட்ட ஒரு பெரிய தலைவருக்கு இருபது வருஷம் கார்க்கதவு திறந்துவிட்டவர். வாரியத் தலைவர் பதவி கேட்டிருக்கிறார், கிடைக்கவில்லை. கதவைத் திறந்து களைத்தவர் கடைசியில் வாயைத் திறந்துவிட்டார். புத்தகத்துக்கு 'கார்க்கதவுக்குப் பின்னால்' என்று பெயர். எந்த எம்.எல்.ஏ. எந்த லாட்ஜில் எத்தனை நாள் அடைபட்டுக் கிடந்தார், யார் கையெழுத்தை யார் போட்டார் என்றெல்லாம் எழுதித் தள்ளியிருந்தார். சென்னையில் டிவிக்காரர்கள் தொண்டை வறள விவாதித்தார்கள்.

நம் ஊர் வாசகர்களுக்கு அதெல்லாம் கொட்டாவி. "இது தெரிஞ்ச கததானே" என்று புரட்டித் தள்ளினார்கள். மேடையில் தலைவர் சொன்ன குட்டிக்கதைகளெல்லாம் வேறொருவர் எழுதிக் கொடுத்தவை என்ற இடத்தில் மட்டும் இரண்டு பேர் முகம் வாடினார்கள். ஊரை உலுக்கியது இருநூற்றுப் பதினான்காம் பக்கம். அதில் இப்படி இருந்தது:

"சுங்குவார்சத்திரம் பிரச்சாரத்தன்று, மணிமங்கலத்தில் உண்ட பிரியாணியின் மயக்கத்தில் தலைவர் வேனிலேயே ஆழ்ந்த நித்திரையில் இருந்தார். கழுத்து மாலைகள் புருவம் வரை ஏறியிருந்ததால் மக்கள் அறியவில்லை. பெயர் சூட்டக் குழந்தைகளுடன் தாய்மார்கள் நின்றனர். தலைவரின் கையை நானே தூக்கிக் குழந்தைகளின் தலையில் வைத்தேன். பெயரைச் சொல்லும்படி மைக் செட்காரனைப் பணித்தேன். அந்த மடையன் நான்கு குழந்தைகளுக்கும் ஒரே பெயரைச் சொன்னான்."

அந்த நான்கு குழந்தைகளுக்கும் இப்போது முப்பது வயது தாண்டிவிட்டது. நான்கு பேருக்கும் பெயர் இளம்பரிதி. ஒருவன் இருங்காட்டுக்கோட்டை கார் கம்பெனியில் பெயிண்ட் ஷாப்பில் இருக்கிறான். ஒருவன் ஒரகடத்தில் போர்க்லிப்ட் ஓட்டுகிறான். ஒருவன் கம்பெனி கேன்டீன், இன்னொருவன் கம்பெனி பஸ் டிரைவர். ஊரில் பெயிண்டு, போர்க்லிப்டு, கேன்டீன், பஸ்ஸு என்றுதான் கூப்பிடுவார்கள். வேறு எப்படிக் கூப்பிடுவது? தலைவர் நான்கு பேருக்கும் ஒரே பெயர் வைத்ததில் பெரிய சமத்துவத் தத்துவம் இருப்பதாக ஒரு பேச்சாளர் வருஷா வருஷம் பொதுக்கூட்டத்தில் விளக்குவார். பெற்றவர்களும் தலையாட்டிக் கேட்பார்கள். தலைவர் வாயால்தான் பெயர் வைக்க வேண்டும் என்று மாதக்கணக்கில் பிள்ளையைப் பெயரில்லாமல் வளர்த்தவர்கள் அல்லவா?

புத்தகம் வந்ததும் தத்துவம் போய்விட்டது. ஷிப்டில் நான்கு பேரையும் "பிரியாணி, வாடா" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். மணிமங்கலத்துப் பிரியாணிக் கடைக்காரர் மட்டும் அசரவில்லை. 'தலைவரைத் தூங்க வைத்த பிரியாணி இதுவே' என்று கடை வாசலில் போர்டு வைத்துவிட்டார்.

இப்போது பலராமனுக்கு வருவோம். அன்றைக்குச் சின்ன வயது, சொந்த ஆம்ப்ளிபயர் வாங்கிய புதிது. இன்றைக்கும் கோயில் திருவிழா, காதுகுத்து, கம்பெனி ஆயுத பூஜை எல்லாவற்றுக்கும் அவர் செட்தான். ஊரே கேட்கிற குரல் அவருடையது. வீட்டில் பேசச் சொன்னால் பாதி வார்த்தையை விழுங்கிவிடுவார். அப்படி ஒரு பிறவி. மைக் செட்காரர்கள் அன்றைக்கு இரண்டு மூன்று பேர் இருந்ததால், புத்தகத்து மடையன் யார் என்று ஊருக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரியும்.

நான்கு பேரும் வந்து சட்டையைப் பிடிப்பார்கள் என்பது அவருக்குப் பெரிய பயமில்லை. பயமெல்லாம் மனைவி பாஞ்சாலியிடம்தான். அதற்குக் காரணம் உண்டு. அந்தத் தேர்தல் வருஷம் தை மாதம் பாஞ்சாலிக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. ஒரு பகல் இருந்தது, போய்விட்டது. பிறப்பதற்கு முன்பே இரண்டு பேருமாகப் பெயர் யோசித்து வைத்திருந்தார்கள். இளம்பரிதி. அதற்குப் பிறகு அவர்களுக்குக் குழந்தை இல்லை, அந்தப் பெயரை வீட்டில் யாரும் உச்சரித்ததுமில்லை. பலராமன் அந்தக் குழந்தையைப் பற்றி மனைவியிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவருக்குப் பேச வரவில்லை, அவ்வளவுதான்.

வேனில் புருஷோத்தமன் முதுகில் குத்தி, "பேரு சொல்லுய்யா, பேரு!" என்று சீறியபோது அவர் தலைக்குள் இருந்தது அந்த ஒரே பெயர். சொல்லிவிட்டார். அடுத்த குழந்தை வந்தது. உலகத்தில் வேறு பெயரே இல்லாதது போல இருந்தது. அதையே சொன்னார். பாஞ்சாலிக்காக எடுத்து வைத்ததை மைக்கில் ஊருக்கு வாரி விட்டுவிட்டோம் என்று வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது. அன்று முதல் அவள் அந்த நான்கு பிள்ளைகளின் காதுகுத்து, கல்யாணம் ஒன்று விடாமல் போவாள். "பெயிண்டு பையனுக்கு பொண்ணு பொறந்துக்கீதாம்" என்று வந்து சொல்வாள். பெயரை மட்டும் சொல்ல மாட்டாள். தலைவர் மேல் இருக்கிற பாசம், பெயர் மேல் இருக்கிற வருத்தம் என்று பலராமன் நினைத்துக்கொள்வார்.

அன்றைக்கு வேனில் செட் கட்டியது அவர்தான் என்று அவளுக்குத் தெரியும். அதனால், பாஞ்சாலி கண்ணில் அந்தப் பக்கம் படக்கூடாது என்று முடிவு செய்தார். பாஞ்சாலி கண்ணாடி போட்டுக்கொண்டு பேப்பரில் இரங்கல் விளம்பரம் வரைக்கும் படிக்கிறவள். ஆகவே பஸ் ஸ்டாப்பில் ஜெராக்ஸ் கடையோடு புத்தகமும் விற்கிற ஜெபகுமாரிடம் போய், இருந்த பிரதிகள் அத்தனையையும் வாங்கிவிட்டார்.

"இன்னாண்ணே, அத்தினியும் உங்களுக்கா?"

"கல்யாணத்துல குடுக்கறதுக்கு" என்றார். எந்தக் கல்யாணத்தில் எம்.எல்.ஏ. பேரத்தைப் பரிசாகக் கொடுப்பார்கள் என்று ஜெபகுமார் யோசிக்கவில்லை. வியாபாரம் சூடு பிடித்துவிட்டது என்று யோசித்தான். சென்னைக்குப் போன் போட்டு இரண்டு மடங்கு வரவழைத்தான். பலராமன் அதையும் வாங்கினார். ஜெபகுமார் நான்கு மடங்கு வரவழைத்துவிட்டு, 'சுங்குவார்சத்திரத்தில் அமோக விற்பனை' என்று பிளெக்ஸ் கட்டினான். அதைப் பார்த்துத்தான் அதுவரை புத்தகம் பக்கம் தலை வைத்துப் படுக்காதவர்களும் வாங்க ஆரம்பித்தார்கள்.

வாங்கியதை ஒளித்து வைக்க இடமில்லாமல், ஆளுயர பாக்ஸ் ஸ்பீக்கரின் பின்பலகையைக் கழற்றி உள்ளே அடுக்கினார். வீடு பெருக்கும்போது பாஞ்சாலி அதை நகர்த்திப் பார்த்தாள்.

"இன்னாய்யா, இந்த பாக்ஸு இம்மாங் கனமா கீது?"

"பேஸு ஜாஸ்தி ஆக்கிக்கீறேன்."

அவள் ஒரு முறை அவரைப் பார்த்தாள். பிறகு ஸ்பீக்கரைச் சுற்றிப் பெருக்கிவிட்டுப் போய்விட்டாள்.

அடுத்த நாள் ஜெபகுமார் வீட்டுக்கே வந்துவிட்டான். "அண்ணே, ஆட்டோல மைக் கட்டி ஊரு பூரா விளம்பரம் பண்ணணும். நீங்கதான் சொல்லணும். உங்க குரலுக்கு ஒரு மருவாதி கீது." முடியாது என்றால் ஏன் என்பான். ஏன் என்றால் என்ன சொல்வது? பலராமன் ஆட்டோவில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டினார். ஜெபகுமார் எழுதிக்கொடுத்தது இப்படி இருந்தது:

"அன்பார்ந்த வாசகப் பெருமக்களே! நமது ஊரின் நான்கு குழந்தைகளுக்கும் இளம்பரிதி என்று பெயர் சூட்டிய அந்த மர்மக் குரல் யாருடையது? இன்றே வாங்கிப் படியுங்கள்!"

மர்மக் குரல் யாருடையது என்று அந்தக் குரலே தெருத்தெருவாகப் போய்க் கேட்க வேண்டியதாயிற்று. முதல் தெருவில் மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜெபகுமார், "ஜலதோசமாண்ணே?" என்றான். அடுத்த தெருவில் கீச்சுக் குரலில் பேசினார். "அண்ணே, புக்கு வாங்கறவன் ஓடிப்பூடுவான். ஒயுங்கா சொல்லுங்கண்ணே" என்றான். எப்படியோ சமாளித்து மூன்றாவது தெருவுக்கு வந்தார். மற்ற வார்த்தைகளையெல்லாம் மாற்றிப் பேச முடிந்தது. அந்த ஒரு பெயர் வந்த இடத்தில் மட்டும் நாக்கு ஏமாற்ற மறுத்துவிட்டது. குரல் இறங்கி, அன்றைக்கு வேனில் எப்படி வந்ததோ அப்படியே வந்தது.

தெருக்குழாயில் குடம் பிடித்துக்கொண்டிருந்த ராஜம்மா நிமிர்ந்தாள். பெயிண்ட் இளம்பரிதியின் அம்மா. குடம் நிரம்பி வழிந்தது, அவள் கவனிக்கவில்லை.

"அதே கொரல்" என்றாள். "யம்மாடி, அதே கொரல்!"

ஞாயிற்றுக்கிழமை நான்கு பேருக்கும் ஒரே நாளில் லீவு கிடைத்தது. நான்கு பேரும் பலராமன் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். வரும் வழியிலேயே அவர்களுக்குள் சண்டை. பெயரை மாற்றுவது என்று முடிவாகியிருந்தது. ஆனால் ஒவ்வொருவனும் மற்ற மூன்று பேர்தான் மாற்ற வேண்டும் என்றான்.

"எனக்கு ஆதார்லேந்து பி.எஃப். வரைக்கும் இந்த பேருதான்டா. நீ மாத்து" என்றான் போர்க்லிப்ட்.

"மொதல்ல பேரு வெச்சது எனக்கு. நான்தான்டா ஒரிஜினல்" என்றான் பெயிண்ட்.

"தூங்கறவன் வெச்ச பேருல இன்னாடா ஒரிஜினல்?" என்றான் கேன்டீன்.

பஸ் டிரைவர் மட்டும் வந்த வேலையை மறக்கவில்லை. "மாமா, வெளிய வா. எங்க நாலு பேருக்கும் பேரு வெச்சது நீதானா?"

பலராமன் வாசலுக்கு வந்தார். தொண்டையைச் செருமினார். மைக் இல்லாததால் சத்தம் வரவில்லை. பின்னாலேயே பாஞ்சாலியும் வந்து நின்றாள். முப்பது வருஷமாக எதற்குப் பயந்தாரோ அது வாசலில் வந்து நிற்கிறது.

"நான்..." என்றார். "வாய்ல வேற பேரு வர்ல..."

"அவர எதுக்குடா மெரட்றீங்க?" என்றாள் பாஞ்சாலி. "அவருதான் வெச்சாரு. எனக்கு அன்னிக்கே தெரியும்."

பலராமன் திரும்பிப் பார்த்தார்.

"நானும் அந்த கூட்டத்துலதான்யா நின்னுக்கினு இருந்தேன். குழாய்ல வந்தா எனக்கு உன் கொரலு தெரியாதா?" அவள் நான்கு பேரையும் விட்டுவிட்டு அவரிடம்தான் பேசினாள். "மொத கொயந்தைக்கு சொன்னப்போ, வூட்டுக்கு வரட்டும், உன்ன கொன்னு போட்டுடலாம்னு இருந்துச்சு. எங்கிட்ட ஒரு வார்த்த பேசாம, நம்ம புள்ள பேர எவனுக்கோ தூக்கிக் குட்த்துட்டானேன்னு. ரெண்டாவதுக்கும் அதயே சொன்ன. மூணாவதுக்கும் அதான். அப்பதான் எனக்கு புரிஞ்சிச்சு. நீ மறக்கல. உன் மண்டைல அது ஒண்ணுதான் ஓடிக்கினு கீது, வேற எதுவும் இல்ல. அதுவரைக்கும் நீ மறந்துட்டேன்னு நெனச்சிக்கினு நான் அழுதுகினு கெடந்தேன்யா."

பலராமன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். அழுகை வந்தது. மறைக்க முயன்று, முடியாமல் விட்டுவிட்டார்.

சண்டை போட வந்தவர்கள் சண்டையை எங்கே வைப்பது என்று புரியாமல் நின்றார்கள். ஒரு பகல் இருந்த அந்தக் குழந்தையைப் பற்றி அவர்கள் வீடுகளில் பேசிக்கொண்டது உண்டு. பெயர் யாருக்கும் தெரியாது. இப்போது தெரிந்தது. போர்க்லிப்ட் செருப்பைக் கழற்றினான். ஏன் கழற்றினான் என்று அவனுக்கே தெரியாது.

"பேர மாத்தணும்னா மாத்திக்கினு போங்க" என்றாள் பாஞ்சாலி. "ஒருத்தனாச்சும் வெச்சிக்கினு இருங்கடா."

"நான் மாத்தல அத்த" என்றான் பெயிண்ட் உடனே.

"நான் எப்போ மாத்தறேன்னு சொன்னேன்?" என்றான் கேன்டீன்.

"நான்தான் வெச்சிக்கறேன்னு வர்றப்பவே சொன்னேன்ல?" என்றான் போர்க்லிப்ட். பஸ் டிரைவர், யார் மாற்றினாலும் பிச்சுப்புடுவேன் என்றான். மறுபடியும் சண்டை, அதே சத்தத்தோடு, தலைகீழாக.

பாஞ்சாலி டீ போட உள்ளே போனாள். ஸ்டவ்வில் கேஸ் தீர்ந்திருந்தது. புது சிலிண்டர் வாசல் ஓரத்தில் கிடந்தது. அந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்லி அவளுக்குப் பழக்கமே இல்லை.

"இளம்பரிதி" என்று கூப்பிட்டாள்.

வாசலில் சண்டை நின்றது. "இன்னா அத்த?" என்று நான்கு குரல் ஒன்றாகக் கேட்டது.

"அந்த சிலிண்டர தூக்கிக்கினு வா."

"எந்த இளம்பரிதி அத்த?" என்றான் போர்க்லிப்ட்.

"யாராச்சும் ஒருத்தன் வாங்கடா" என்றாள். "ஒருத்தன் வந்தா போதும்."

நான்கு பேரும் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.